அம்மன் காதில் விழ வேண்டிய சத்தம்

எங்கள் குப்பத்தில் எந்த என்ஜின் வந்தாலும் அதன் முதல் சத்தம் அம்மன் காதில் விழ வேண்டும். புதுசோ, பழசைப் பிரித்துப் பூட்டியதோ, கோவில் வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்து, கற்பூரம் எரிந்து முடியும்வரை சும்மா ஓட விடுவார்கள். மேளம் அடிக்கும். பஞ்சாயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கும்பிடுவார்கள். படகு டீசல் என்ஜின் இதையெல்லாம் தாங்கும். எருமை மாதிரி நின்ற இடத்தில் நாள் முழுக்க டுபுடுபு என்று ஓடிக்கொண்டிருக்கும்.

என் வண்டி எருமை இல்லை. அது ஏடிவி. ரிசார்ட்டுகளில் மணலில் ஜாலிக்கு ஓட்டுவார்களே, நாலு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், அதுதான். மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து என்ஜின் செத்த நிலையில் வாங்கி வந்தோம். திருவொற்றியூருக்கு வடக்கே கடல் அரிப்பைத் தடுக்கக் கரையெல்லாம் கருங்கல் கொட்டிவிட்ட பிறகு, படகு ஏற மிச்சமிருப்பது எங்கள் மணல் துண்டுதான். படகிலிருந்து ரோடுவரை அந்த மணலில் மீன் கூடையைத் தலையில் சுமப்பது பெண்கள் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் சுமந்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்ந்துபோய்விட்டது, இனிமேல் தலையில் ஒரு சொம்பு தண்ணீர்கூட வைக்காதே என்றார். வைக்காமல்? ஆட்டோ மணலில் இறங்குமா, இல்லை மீன்தான் நடந்து வருமா?

அதனால்தான் இந்த வண்டி. பின்னால் இரும்புச் சட்டம் அடித்தால் நாலு கூடை உட்காரும். சொன்னபோது சிரிக்காத ஆளில்லை. மகாராணி தேரில் வரப்போகிறாள் என்றார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? ஆமாம், மகாராணிதான், வழியை விடு என்றேன்.

எம்.கே.பி. நகரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் என்ஜினை முழுசாகப் பிரித்து, புது கேம்ஷாஃப்ட் போட்டுப் பூட்டினார். கேம் என்பது கையளவு தண்டு. அதில் முட்டையின் முனை மாதிரி மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது அந்த மேடுகள்தான் வால்வைத் திறந்து மூடும். புது மேடு உரசிப் பழகும்வரை அதற்கு எண்ணெய் தாராளமாகக் கிடைக்க வேண்டும். எண்ணெய் மேலே ஏற வேண்டுமானால் என்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதிலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஐடிலில் சும்மா ஓட விடவே கூடாது, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிற்க வைத்து முறுக்கினாலும் காற்றுப் படாமல் சூடேறிவிடும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார்.

யார் காதில் ஏறியது? என் வீட்டுக்காரரின் அண்ணன் பஞ்சாயத்தில் மூத்தவர். சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கற்பூரம், தேங்காய், மேளம், அப்புறம் தெரு முழுக்க நடை வேகத்தில் ஊர்வலம். நான் குறுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தேன். பொம்பளை என்ஜினைப் பற்றிப் பேசினால் எங்கள் ஊரில் மேளத்தை இன்னும் சத்தமாக அடிப்பார்கள்.

கொஞ்ச நாளிலேயே வண்டி டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. இழுவை போயிற்று. மெக்கானிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். மேடு இருந்த இடம் மழுங்கி மொழுக்கென்று இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, ராசியில்லாத வண்டி என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மறுபடியும் கூடை தூக்கினேன். வலது கை விரல் நுனிவரை மரத்துப்போகும், சோற்றைப் பிசைய வராது. அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எதற்கு ஆற வேண்டும்?

மெக்கானிக் இன்னொரு கேம் போட்டுத் தந்தார். ஆனால் அது உட்காரும் இடமும் தேயத் தொடங்கிவிட்டதாம். இதுவும் போனால் வண்டி நேராகக் காயலான் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். பழைய கேமை நான் கேட்டு வாங்கி, துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இந்த முறை படகுகள் வந்து ஓய்ந்த காலை வேளையில், கரையிலேயே பூஜை போட்டேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், பூ, ஒன்றும் குறை வைக்கவில்லை. எல்லாம் என்ஜினை ஆஃப் செய்து வைத்துத்தான். அண்ணன் மேளக்காரர்களோடு வந்து நின்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அம்மனுக்குக் காட்டாமல் கடலுக்குப் போன ஒரு படகு கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் பயம் நிஜம். என் கழுத்தும் நிஜம்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான் போலிருக்கிறது.

"ஸ்டார்ட் பண்ணிட்டு எறங்கி நில்லும்மா. அம்மா காதுல சத்தம் வுழட்டும்" என்றார்.

"வுழும் மாமா. ஓட்டிக்கினே இருந்தா இன்னும் நல்லா வுழும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க வந்தார். அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போவட்டும் ண்ணா" என்றார். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். என்ஜின் பிடித்த உடனே கிளப்பிவிட்டேன்.

எண்ணூர் பக்கம் பார்த்து, ஈர மணலிலேயே விட்டேன். ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். வலை காயப் போட்டிருந்த ஆட்கள் கத்தினார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், கயிறு குறுக்கே கிடந்தது. நின்றால் ஐடில். நிற்க மாட்டேன் என்று அவர்கள் கயிற்றைத் தாழ்த்தும்வரை மணலில் வட்டம் அடித்துக்கொண்டே இருந்தேன். பைத்தியம் என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மேளச் சத்தம் எனக்குப் பின்னால் எங்கேயோ நின்றுபோயிருந்தது.

இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து ஆஃப் செய்தேன். கரைக்கு வந்திருந்த மெக்கானிக் எண்ணெயை ஒரு பேசினில் வடித்து, காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினார். மெல்லிய சாம்பல் மாவு மட்டும் ஒட்டியது. இரும்புச் சில்லு ஒன்றுகூட இல்லை. மேல் மூடியைக் கழற்றி, மேட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். புதுசாக வந்தபடியே எடுப்பாக நின்றது.

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஊர்க் கட்டுப்பாட்டை மீறிவிட்டதாகவும், பஞ்சாயத்தில் வைத்துக் கேட்கப்போவதாகவும் சொன்னார். நான் இடுப்பிலிருந்த பழைய கேமை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இத்த தடவிப் பாரு மாமா. இது தேஞ்சுது, கடையில வேற கெடச்சுது. என் கழுத்து தேஞ்சுகீது. அத்த எந்தக் கடையில போயி கேக்கறது?"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் மெக்கானிக் மூடியை மாட்டி, புது எண்ணெய் ஊற்றிவிட்டு எனக்குத் தலையை ஆட்டினார்.

"இப்போ மெதுவா போலாம்" என்றேன். "மோளத்த அடிக்கச் சொல்லு."

அண்ணன் கேமைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேளக்காரர்களைப் பார்த்துக் கையை அசைத்தார். கோவில்வரைக்கும் நடை வேகத்தில், கரையில் காத்திருந்த நாலு கூடை மீனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நானே ஓட்டிக்கொண்டு போனேன். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை.