கடைசி ஆளுக்குப் பின்னால்

அவிழாத காலணிக் கயிற்றை இவர் மறுபடியும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். மிதிவண்டி வேலிக் கம்பியில் சாய்ந்திருக்கிறது. மேட்டின்மீது, கூப்பிடு தொலைவில், ஒருவர் வண்டியை விட்டிறங்கி இடுப்பைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை இந்தக் கயிற்றில் முடிச்சு விழாது. அவர் ஏறி மிதிக்கத் தொடங்கியதும் இவருக்கும் கயிறு சட்டென்று வசப்பட்டுவிடும்.

விடியலில் புறப்பட்டு, மலைச்சாலை ஏறி, ஏரியை வலம்வந்து, அந்தி மங்குமுன் பள்ளி மைதானத்துக்குத் திரும்பும் நெடும்பயணம் அது. ஆண்டுக்கொரு முறை ஊரார் கூடிப் போகிறார்கள். ஊதியம் ஏதுமின்றி அதை நடத்துபவர் இவர். நடத்துபவர் என்றதும் கொடியசைத்துவிட்டு நிழலில் அமர்பவர் என்று எண்ணிவிட வேண்டா. எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளுக்கும் பின்னால், இவர் வருவார். ஊர் இவருக்கு வைத்த பெயரே ‘கடைசி அக்கா’.

பிழைப்பு, காலணிக் கடையில். நாள் முழுதும் குந்தியமர்ந்து பிறர் பாதம் நோக்கும் தொழில். ஆகவே இவருக்கு முகங்கள் மறந்துபோகும், பாதங்கள் மறப்பதில்லை. பயண நாளில், வழியிலுள்ள தண்ணீர் மேசைகளில் நிற்பவர்களோடு இவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்க வேண்டும்.

“அந்த ஒன்பதாம் நம்பர் ஷூக்காரர் தாண்டிட்டாரா? அப்புறம் ஆறு, இடது கால் கொஞ்சம் பெரிசு, அந்தப் பொண்ணு? சரி, அவளுக்கு ரெண்டு ஆரஞ்சு கொடு. வேணாம்னுதான் சொல்லுவா. கையில திணிச்சு அனுப்பு.”

மேசைக்காரர்களுக்கு இவர் விதித்திருக்கும் கட்டளை ஒன்றே. களைத்து வருபவரிடம் ‘இதோ வந்தாச்சு’ என்று சொல்லலாகாது. “இன்னும் கொஞ்சந்தான்னு எவனாவது சொன்னீங்க, அடுத்த வருஷம் உங்களையே ஓட்ட வைப்பேன். மேடு இருந்தா மேடு இருக்குன்னு சொல்லுங்க. பொய் சொல்லி ஏத்தினா கால் பாதியில கோவிச்சுக்கும்.”

முன்னர் இப்பயணத்தை விரைந்தோட்டும் இளைஞர் சிலர் நடத்திவந்தனர். முந்தி வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொண்டு, மைதானத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை தையற்கடை அம்மாள் ஒருவர், சொன்ன நேரத்துக்குள்தான் வந்து சேர்ந்தார். ஆயினும் பூட்டிய கதவின் முன் தனியே நின்றார். மறுநாளே இவர் அவ்விளைஞர்களைத் தேடிப் போனார். “சாவியக் கொடுங்கப்பா. இனிமே நான் பார்த்துக்கறேன்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை என்கிறார்கள்.

சாலை அனுமதி தரும் காவல் அதிகாரியிடம் ஆண்டுதோறும் இவரே போய் நிற்கிறார். இவ்வாண்டு அவர் தயங்கினாராம். லாரிகள் மிகுந்துவிட்ட சாலை. அவர் தயக்கத்திலும் நியாயம் உண்டு. “கூட்டிட்டுப் போற அத்தனை பேரையும் வெளிச்சத்துலயே திருப்பிக் கொண்டாந்து விடறேன் சார். ஒரு ஆள் குறைஞ்சாலும் இனிமே உங்க படி ஏற மாட்டேன்” என்று வாக்களித்துக் கையொப்பம் வாங்கி வந்தார். அந்த ஒரு வாக்கின்மேல்தான் அத்தனை சக்கரங்களும் உருண்டன.

கணவர் பேருந்து ஓட்டுநர். அன்று மட்டும், மேசைகளுக்குப் பழமும் தண்ணீரும் சுமக்கும் வேனை ஓட்டுவார். பழக்கூடையோடு நான் அவர் பக்கத்தில் இருந்தேன். “பஸ்ஸுல போனா வேகமாப் போ வேகமாப் போன்னு திட்டறாங்க. இவகிட்ட வந்தா மெதுவாப் போ மெதுவாப் போன்னு திட்டு. நான் எந்த ஜென்மத்துல எவன் சைக்கிள்ல காத்தைப் பிடுங்கினேனோ!” என்பது அவர் புலம்பல்.

இம்முறை கடைசி ஆள், பேக்கரிக்காரர். முதற்பயணம், கனத்த உடம்பு. ஏரிக்கரை கடந்தது முதல் அவர் முன்னும் அக்கா பின்னுமாக வந்தார்கள். பிற்பகலில் ஒரு வளைவைத் தாண்டியதும் முன்னே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. மனிதர் தெம்பு பெற்று விரைந்துவிட்டார் என்றே அக்கா எண்ணினார். தாமும் மிதித்து மைதானம் வந்து சேர்ந்தார். அவர் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்பது ஊர்க் கணக்கு. மேசைகளை மடக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் பேக்கரிக்காரரின் மனைவி, மாற்றுச் சட்டையைக் கையில் மடித்துப் பிடித்தவாறு அருகே வந்தார்.

“அக்கா, எங்க வீட்டுக்காரர் எங்க?”

“முன்னாடியே வந்திருப்பாரே.”

“வரலையேக்கா. உங்களுக்குப் பின்னாடி யாரும் இருக்க மாட்டாங்கன்னாங்களே.”

அக்கா தாம் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார். “தாண்டி வந்துட்டேன்” என்றார், தமக்குத் தாமே சொல்லிக்கொள்பவர்போல.

கணவர் சாவியை எடுத்தார். “ஏறு. வேன்லயே போய்த் தூக்கிட்டு வந்துடலாம். இருட்டறதுக்குள்ள ஆச்சு.”

“விழுந்து கிடந்தா ரோட்டுலயே பார்த்திருப்பேன். இது விழுந்தது இல்லைங்க, ஒளிஞ்சது. வேன் சத்தம் கேட்டா இன்னும் உள்ள போயிடுவார். நீங்க தள்ளியே வாங்க.” வண்டியைத் திருப்பினார். நாள் முழுதும் மிதித்த கால்கள் மறுபடி அதே மேட்டில் ஏறின.

வளைவை ஒட்டி மரக்கடை ஒன்று உண்டு. அறுத்து அடுக்கிய பலகைகளின் மறைவில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரருகே போக, நாங்கள் வேனை அணைத்துவிட்டு அப்பால் நின்றோம். காற்றில்லாத மாலை; பேச்சு தெளிவாகவே வந்தது.

“நீங்க போயிருப்பீங்கன்னு நினைச்சேன்கா.”

“போயிட்டுத்தான் வந்தேன்.”

“திரும்பினா நீங்க. நின்னா நீங்க. ஒரு மனுஷிக்கு எத்தனை தடவைக்கா ஷூ கயிறு அவிழும்? எனக்குத் தெரியாதா? என்னால ஒரு ஆள் காத்துக் கெடக்கறது அவமானமா இருந்துச்சு. உங்களைப் போக விட்டுட்டா என் பாட்டுக்கு வந்துடலாம்னு பார்த்தேன்.”

யாரும் அறியார் என்று இத்தனை ஆண்டுகள் காத்த கலை, மரத்தூள்மேல் உடைந்து கிடந்தது.

“கால் எப்படி இருக்கு?”

“கால் நல்லாத்தான் இருக்கு.”

“அதோ வேன் நிக்குது. ஏறினா ஒண்ணும் தப்பில்ல.”

“வேணாம்கா.”

“அப்போ நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க. திரும்பிப் பார்க்க மாட்டேன்.”

“நான் வராம இங்கயே உட்கார்ந்துட்டா?”

“உட்காருங்க. போலீஸ்காரர்கிட்ட நான் கொடுத்த வாக்குதான் போகும்” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து வண்டியை எடுத்தார், ஏறினார், போனார்.

பேக்கரிக்காரர் அந்த முதுகையே பார்த்திருந்தார். அது வளைவில் மறைந்தது. அதற்குப் பிறகும் அவர் அசையவில்லை. பின், முழங்காலில் கையூன்றி எழுந்து, பின்புறத்து மரத்தூளைத் தட்டிவிட்டு, மிதிக்கத் தொடங்கினார்.

வேன் ஊர்ந்தது. மேட்டிலிருந்து பார்க்கையில் இருவருக்கும் நடுவே நெடுந்தொலைவு. அக்காவின் தலை ஒருமுறையும் திரும்பவில்லை. கணவர் சிரித்தார். “இவளாவது பார்க்காம இருக்கறதாவது! ஹேண்டில்பார்ல கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கா? அதுல பார்த்துக்கிட்டேதான் போறா. என் பஸ்ஸுல ஏறினாக்கூட சைடு கண்ணாடிய என்னைவிட இவதான் அதிகம் பார்ப்பா.”

வானத்தில் வெளிச்சம் எஞ்சியிருக்கையிலேயே அக்கா மைதானத்துள் நுழைந்தார். வண்டியை வாயிலருகே நிறுத்தினார். கைதட்ட எழுந்தவர்களைப் பார்வையாலேயே அமர்த்திவிட்டு, யாரோ மடக்கிக்கொண்டிருந்த மேசையின் மறுமுனையைப் பிடித்தார். முதுகு வாயிலின் பக்கம். பிடித்த மேசையை அவர் தூக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

எண்ணெய் காய்ந்த சங்கிலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே உள்ளே வந்தது.

“எங்க போய்த் தொலைஞ்சீங்க? பிடிச்சுப் பிடிச்சு இந்தச் சட்டையே கசங்கிப் போச்சு!” என்று மனைவியின் குரல் ஓங்கி, நடுவில் உடைந்தது.

அக்கா மேசையை இறக்கி வைத்துவிட்டுத் தம் வண்டியிடம் வந்தார். பிடியிலிருந்த கண்ணாடி தலைகுப்புறத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கட்டைவிரலால் அதை நெம்பி நிமிர்த்தினார்.