ஒரு சொட்டும் விழாத வண்டி

லூபோர் தன் வாழ்நாளில் இரண்டே முறைதான் வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறார். இரண்டு முறையும் அவருக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் வண்டியைக் கொண்டுவந்து, பட்டறைக்காரன் முடுக்கிய திருகுகளையெல்லாம் கழற்றித் தன் கையால் மறுபடி முடுக்கினார். அப்புறம்தான் கஞ்சி குடித்தார்.

மொராவியாவில், ஹோலெஷோவ் பக்கம், இது ஒன்றும் அதிசயம் இல்லை. கடையில் எதுவும் கிடைக்காத காலத்தில் வளர்ந்த தலைமுறை. எதையும் தூக்கிப்போடாது, எதையும் அடுத்தவனிடம் செய்யக் கொடுக்காது. சொந்த வீட்டுக் குழாயை மாற்றத் தெரியாதவனை மாப்பிள்ளை என்று சொல்லவே இங்கே கூசுவார்கள். லூபோர் பம்பு ஆலையில் கடைசல் பிடித்தவர் வேறு. கேட்க வேண்டுமா?

அவருடைய வண்டியின் பெயர் ஷோஃப்கா. ரொட்டிக்காரன் வேன் அளவுதான் இருக்கும். அதற்குள் இரண்டு பேருக்குப் படுக்கை, கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு. மகள் பிறந்த வருஷத்து வண்டி. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஷோஃப்கா போகவில்லை.

மனைவி ஸ்டெனா அந்த வண்டியைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை.

"என் சக்களத்திக்கு இன்னிக்கு உடம்பு எப்படி?" என்பார் காலையில் காபி ஊற்றும்போது. "எண்ணெய் குடிச்சாளா?"

சக்களத்தியின் டைமிங் பெல்ட்டை மாற்றியவர் லூபோர். பிரேக் கட்டையை மாற்றியவர் லூபோர். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பர்னரில் அடைந்த புகைக்கரியை டூத் பிரஷால் தேய்த்து எடுத்தவரும் அவரே. அது யாருடைய டூத் பிரஷ் என்பதைப் பற்றி அந்த வீட்டில் நெடுநாள் பேச்சு நடந்தது.

ஆனால் பழைய வீட்டு வண்டிக்கு எஞ்சின் எமன் இல்லை. ஈரம்தான் எமன். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் மழை கசியும். சுவருக்குள் இருக்கிற மரச்சட்டம் சத்தமில்லாமல் மக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கேக் மாதிரி உள்ளே போகும். ஷோஃப்காவும் அப்படித்தான் மக்கியிருந்தாள். லூபோர் மக்கிய சட்டத்தை அறுத்தெடுத்துப் புதுச்சட்டம் வைத்தார். கூரை விளிம்பில் பசை போட்டு, மேலே அலுமினியப் பட்டை வைத்து, உட்கூரை வரை இறங்கும் நீளத் திருகுகளாகப் போட்டு இறுக்கினார்.

அதற்கப்புறமும் உள்ளே ஈரம். இன்னும் கொஞ்சம் பசை போட்டார். அடுத்த வருஷம் இன்னும் அதிக ஈரம். இன்னும் அதிகப் பசை. பசைத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வண்டியைச் சுற்றி வருவதைப் பார்த்தால் எல்லைக்காவல் சிப்பாய் தோற்றுப்போவான்.

போன கோடையில் ஏரிக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டெனாவின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கொசு என்று நினைத்துத் தன் நெற்றியிலேயே ஒன்று போட்டுக்கொண்டார். கொசு இல்லை என்று தெரிந்ததும் அடுத்த அடி லூபோருக்கு.

இந்த வருஷம் குரோஷியக் கடற்கரைக்குக் கிளம்பும் பேச்சு வந்தபோது ஸ்டெனா முகத்தில் அடித்தது போலச் சொல்லிவிட்டார்.

"முதல்ல ஒரு பரீட்சை. மழை பெய்யற ஞாயித்துக்கிழமை நான் அதுக்குள்ளயே சமைப்பேன், சாப்பிடுவேன், மத்தியானம் தலைகாணியில தலை வச்சுப் படுப்பேன். ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா உன் வண்டி என் தம்பிக்கு. நான் தோழிங்களோட பஸ்ல கடலுக்குப் போறேன். நீ இங்கயே கிட."

தம்பி ராதிம் மீன்பிடிப் பைத்தியம். அந்த வண்டிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

லூபோர் பசைத் துப்பாக்கியை எடுத்தார். மழைக்கு முன்னால் கண்ணில் பட்ட துவாரத்தையெல்லாம் அடைத்தார். அடுப்புக்கு நேர் மேலே, கூரையில் காளான் போலக் குட்டைக் கால்களில் நிற்கும் ஒரு மூடி உண்டு. அதன் அடியில் சுற்றிலும் இடைவெளி. காற்று நுழைகிற இடத்தில் தண்ணீர் நுழையாதா? அதை முன்பே பாதி அடைத்திருந்தார். இப்போது மிச்சத்தையும் அடைத்தார். தரையில் இருந்த காற்றுத்துளைகளையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, மழையும் வந்தது. ராதிம் தூண்டில் கழியோடும் அளவு நாடாவோடும் வந்தான்.

"அது எதுக்குடா மாப்ளே?" என்றார் லூபோர்.

"கழி படுக்கைக்கு அடியில போகுமான்னு அளக்கத்தான் மச்சான். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

மூவரும் உள்ளே ஏறியதும் ஸ்டெனா கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். எங்கள் ஆட்கள் கடலுக்குப் போனாலும் கடற்கரைக் கடையில் கைநனைக்க மாட்டார்கள். புட்டியில் அடைத்த பன்றிக்கறி முதல் புளித்த முட்டைக்கோஸ் வரை வீட்டிலிருந்தே போகும். கொழுக்கட்டை மட்டும் அங்கங்கே அவிப்பது. கை நீளத்துக்கு உருட்டிய மாவு, பெரிய பானையில் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

கூரையில் மழை கொட்டுமேளம் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. லூபோர் ராதிமைப் பார்த்து மீசையைத் தடவினார்.

பானை கொதித்தது. ஜன்னல் வெளுத்தது. ஸ்டெனா தலையணையை எடுத்துப் படுக்கையில் போட்டார்.

டொப்.

தலையணையின் நடு மத்தியில், காசளவு வட்டம்.

"கழி கச்சிதமா போகும் அக்கா," என்றான் ராதிம் படுக்கைக்கு அடியிலிருந்து.

லூபோர் வெளியே ஓடினார். கொட்டுகிற மழையில் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினார். கையில் பசைத் துப்பாக்கி. அவர் ஏறிய வேளை, மழை நின்று வெயில் பளிச்சென்று அடித்தது. ஸ்டெனாவின் நல்ல குளியல் துண்டால் கூரையை ஒற்றி ஒற்றித் துடைத்தார். கூரை சருகாய்க் காய்ந்தது.

உள்ளே டொப். டொப்.

"மழை விட்டும் தூவானம் விடலையே மச்சான்!" என்று கத்திக்கொண்டே ராதிம் கதவைத் திறந்தான். உள்ளிருந்து மேகம் ஒன்று புரண்டு வந்தது. அவன் மூக்குக்கண்ணாடி வெளுத்து, படி தெரியாமல் புல்லில் உட்கார்ந்தான்.

லூபோர் இறங்கிவந்து உட்கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் போட்ட திருகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு முத்து. ஒன்றைத் தொட்டார், மழையில் நனைந்த இரும்பு இன்னும் ஜில்லென்று இருந்தது. அவர் முகம் தொங்கியதைப் பார்த்து ஸ்டெனாவே அடுப்பை அணைத்துவிட்டார்.

"என்னய்யா ஆச்சு?"

"மழை இறங்கல ஸ்டெனா. ஒரு சொட்டுகூட இறங்கல. இது உன் கொழுக்கட்டை ஆவி."

"ஓகோ! முப்பது வருஷமா வீட்டுல அவிக்கறேன், எந்தக் கூரை ஒழுகுச்சு? இப்ப என் கொழுக்கட்டைதான் ஓட்டையா?"

 குழாய் மாற்றத் தெரியாது என்று சொல்வதுகூட லூபோருக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஓட்டையே இல்ல. அதான் தப்பு. அவளோட மூக்கு வாயெல்லாம் நானே அடைச்சுட்டேன். மூச்சு விட முடியாம வேர்க்கறா."

"அதான் எனக்கும் கொஞ்ச நேரமா தலை கிறுகிறுங்குதா? அடுப்பெரியற இடத்துல காத்தையா அடைச்சே, படுபாவி!"

"ஆவியோ மழையோ, சொட்டு சொட்டுதான்," என்று ராதிம் கையை நீட்டினான். "சாவி."

லூபோர் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். கொடுக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை. ஸ்டெனா அந்தக் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்புப் பசை.

"பரீட்சை வச்சது நான்," என்றார் தம்பியிடம். "நான் இன்னும் சாப்பிடவும் இல்ல, படுக்கவும் இல்ல. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்? ஏணியப் பிடி."

லூபோர் மறுபடி மேலே போனார். காளான் மூடியின் முன்னால் கத்தியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். இத்தனை வருஷம் அடைத்த கைக்குத் திறக்க வரவில்லை. கத்தி வழுக்கித் தகரத்தை உரசியது.

"நிறுத்து!" ஸ்டெனா ஏணியில் பாதி ஏறியிருந்தார். "தகரத்தைக் கீறினா அங்கதான் தண்ணி இறங்கும்னு நீதானே பாடம் நடத்துவே? கொழுக்கட்டையக் கத்தியால வெட்டுவாங்களா எங்கயாவது?"

இந்த ஊரில் வெட்ட மாட்டார்கள். கத்தி பட்டால் கொழுக்கட்டை அமுங்கிக் களியாகும். நூலைச் சுற்றி இழுத்தால் வெண்ணெயாய்த் துண்டு விழும். ஸ்டெனா கூரைமேல் ஏறி, சமையல் நூலை மூடியின் அடியில் கொடுத்து இழுத்தார். நூல் அறுந்தது.

"ராதிம், உன் தூண்டில் நரம்பு எது கெட்டி?"

"அக்கா, அது கெளுத்திமீனுக்கு வச்சிருக்கற..."

"கொண்டா."

தூண்டில் நரம்பு அறவில்லை. ஒரு முனை ஸ்டெனா கையில், மறுமுனை லூபோர் கையில். நீ இழு, நான் விடுகிறேன் என்று இருவரும் மூடியின் கால்களுக்கு நடுவே அறுத்தார்கள். கறுப்புப் பசை துண்டு துண்டாகக் கூரையில் உருண்டது. கடைசித் துண்டு விழுந்ததும் உள்ளே தங்கியிருந்த ஆவி மூடிக்கடியிலிருந்து புஸ்ஸென்று வந்து லூபோர் முகத்தில் அடித்தது.

"கொழுக்கட்டை வாசனை," என்றார் அவர்.

தரைத்துளைகளை லூபோரே படுத்துக்கொண்டு திறந்தார். ஸ்டெனா உட்கூரையைத் துடைத்துவிட்டு அடுத்த கொழுக்கட்டையைப் பானையில் போட்டார். கூரைமேல் ரயில் போலப் புகை போனது. கீழே ஒன்றும் விழவில்லை. ராதிமுக்கு வண்டிக்குப் பதில் ஒரு தட்டுக் கொழுக்கட்டை கிடைத்தது. முறைத்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு ஸ்டெனா தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தார். வானம் மறுபடி இருட்டி, மழை பிடித்தது. லூபோர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காளான் மூடியின் திறந்த துவாரத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். மழை கூரையில் அடித்தது, மூடிமேல் அடித்தது. உள்ளே வரவில்லை. இருந்தாலும் அவர் கை மெதுவாக இருக்கைக்கு அடியில் போனது.

"லூபோர்," என்றார் ஸ்டெனா கண்ணைத் திறக்காமலே. "அந்தத் துப்பாக்கியக் கீழ வை."