மூன்று மைல் கீழே போன நாற்றம்

எங்கள் தோட்டத்து நாற்றத்தை நான்தான் ஒழித்தேன் என்று எட்டு மாதம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் நான். அது மூன்று மைல் தள்ளி என் சொந்த அக்காள் வீட்டு வாசலில் போய் இறங்கியிருந்தது என்பதைச் சொல்ல இத்தனை வயதாகியும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருக்கும். தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கர். மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டும் மிச்சப் பாலை ஒட்டுப்பால் என்போம். பட்டையும் மண்ணுமாக வரும் அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, உருளையில் கொடுத்துக் கழுவுவார்கள். கழுவிய கறுப்புத் தண்ணீர் ஓடைக்குப் போகும். செத்த எலியைப் புளித்த மோரில் ஊறவைத்தது போன்ற வாடை. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் சோற்றைத் தள்ளிவிடும். காற்று திரும்பினால் பங்களாவில் துரையும் சூப்பைத் தள்ளிவிடுவார்.

அப்போது நிறையப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். யோசனை சொல்ல அது போதுமென்று எண்ணம். ஒட்டுப்பாலை இங்கே கழுவவே வேண்டாம், அப்படியே விற்றுவிடலாம் என்று துரையிடம் சொன்னேன். கீழே ஓடைக்கரையில் கொட்டகை போட்டு உருளை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி மாட்டுவண்டி அனுப்பி எடுத்துப்போனார். ஒரே மாதத்தில் எங்கள் ஓடை தெளிந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது, பொடிமீன் வந்தது. விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, மனப்பாடமான செய்யுளையெல்லாம் அந்த மீன்களுக்குச் சொல்லுவேன். அந்தக் குளிர் இன்னும் முதுகில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தச் சபையும் என்னை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

பங்குனியில், அதே ஓடை மூன்று மைல் கீழே ஓடும் அக்காள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. அவள் மகனுக்கு அம்மை போட்டு, கண் போகாமல் தப்பியிருந்தது. அதற்காகப் பால்குடம் நேர்ந்திருந்தாள். ஓடையில் முழுகி, கூடப்பிறந்தவன் கொண்டுவரும் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு குடம் எடுக்க வேண்டும். புது வேட்டியும் கையில் சேலையுமாக நான் கரையில் போய் நின்றேன். நின்றதுமே அந்த வாடையை அடையாளம் கண்டுகொண்டேன். தப்படிக்கிறவர் ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தண்ணியில முழுகிட்டா ஆத்தாகிட்டப் போறது?" என்றார் அத்தான். "பேசாம அடுத்த வருசம் பார்ப்போம்."

"அவ அடுத்த வருசம் பார்ப்போம்னா சொன்னா? புள்ள கண்ண அன்னைக்கே குடுத்தாளே" என்று சொல்லிவிட்டு அக்காள் இறங்கினாள்.

மூன்று முறை முழுகினாள். எழுந்தபோது நீளமான தலைமுடியெல்லாம் பட்டைத் தூள். பத்து நாள் விரதமிருந்த முகம் குமட்டலை அடக்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஒங்க ஓட சுத்தமாயிருச்சுன்னு கடுதாசி போட்டிருந்தியே தம்பி, எப்பிடிடா செஞ்சீங்க? இங்கயும் அதையே செய்யச் சொல்லலாம்ல."

தப்புச் சத்தத்தில் காது கேட்காதவன்போல் நின்றேன். தப்பு நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது.

மறுநாளே முதலாளியின் கொட்டகைக்குப் போனேன். வாசலில் கிடந்த சாக்குகளில் எங்கள் தோட்டத்து முத்திரை. பனங்கட்டியோடு சாயத்தண்ணி என்ற பால் விடாத தேநீர் கொடுத்தார். அக்காள், பால்குடம், பட்டைத் தூள் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவுவதையே நிறுத்துங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவர் நிறுத்தினால் ஒட்டுப்பால் எங்கள் ஓடைக்கே திரும்பிவிடும், மீன்களும் போய்விடும். "வேற எங்கயாச்சும்..." என்று இழுத்தேன்.

அவர் தாடியைத் தடவினார். "அதுக்கென்ன கிளாக்கரையா. புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு காணி ஈக்கு. ஓடையும் ஈக்கு. அங்க மாத்திப் போடுறன்."

பெரிய காரியத்தை முடித்த நிறைவோடு எழுந்தேன். படியிறங்கும்போது முதலாளி பின்னாலிருந்து, மெய்யாகவே அக்கறையோடு கேட்டார்:

"அந்தப் பக்கம் ஒங்கட தங்கச்சிமார் ஆரையும் கட்டிக் குடுத்து ஈக்கா?"