அனுப்பிய பிறகு ஒரு போன்

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் சங்கம் ஒன்றுக்கு நான்தான் சொந்தமாக மெயில் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். சங்க எழுத்தருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு உப்பு வாரியவர். குதிகால் இரண்டும் வெடித்திருக்கும். மெயில் அனுப்பியதும் நாற்காலியை விட்டு எழுந்து, நின்றபடியே எதிர்முனைக்குப் போன் போடுவார்.

"மெயில் அனுப்பிருக்கேங்க. வந்துச்சான்னு கொஞ்சம் பாத்து சொல்றீங்களா?"

என் வேலையையே சந்தேகப்படுகிறார் என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"இனிமே போன்லாம் வேணாம்ணா. சர்வர் பாத்துக்கும்."

"சரிங்க சார்" என்றவர், அன்றோடு நிறுத்திவிட்டார்.

அதன் பிறகுதான் மழைக்கால நிவாரணத்துக்கான பெயர்ப் பட்டியலை அரசு அலுவலகத்துக்கு அனுப்பினார். சர்வரில் நான் ஒரு செட்டிங்கைப் போடாமல் விட்டிருந்ததால், அது எதிர்முனையில் ஸ்பாமுக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. நான் கண்டுபிடித்து அவரிடம் சொன்னபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. உப்புப் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். யாருக்கும் வேலை இல்லை.

சங்க வாசலில் பெண்கள் வந்து கேட்டார்கள். "எங்க பேரெல்லாம் ஏங்க வரல?"

"நான்தாம்மா போன் பண்ண மறந்துட்டேன்" என்றார் அவர்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.