பாட்டி சொல்லாத கடைசி வார்த்தை

நான் பொய் சொன்னேன். ஆலயத்தில், மைக்கின் முன்னால் நின்று, என் பாட்டியின் சவப்பெட்டி எதிரே திறந்திருக்க, சபை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அந்தப் பொய்யைத்தான் அவள் கல்லறைக் கல்லிலும் பொறித்திருக்கிறார்கள்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் பாட்டி எஸ்தர், தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வார்டு துடைத்தவள். சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த நோயாளிகள் இருந்த வார்டு. ஆளில்லாமல் சாகக் கிடப்பவர்களின் கட்டிலருகே, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பாளாம். நீ எந்த மதம் என்று ஒருவரையும் கேட்டதில்லை. சாகும்போது ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பாள். அவளுடைய விசுவாசம் அதுதான்.

எனக்கு அந்த விசுவாசம் இல்லாமல் போயிற்று. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. சிறுசேரியில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா அழுதாள். நம்பாததை நம்புவதுபோல நடிக்கமாட்டேன் என்று வீட்டிலும் வெளியிலும் பெருமையடித்துக்கொண்டேன். நேர்மையாம்!

போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பாட்டி படுத்த படுக்கையாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா மருந்து வாங்கப் பெருங்களத்தூர் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டியின் மூச்சு இழுத்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"டேய் சாமு, பயமா கீதுடா. ஒரு ஜெபம் பண்ணு."

எத்தனையோ பேரை வழியனுப்பியவளுக்குப் பயமா! என்னால் அதைத் தாங்கமுடியவில்லை.

ஜெபிக்கத் தெரியாதா எனக்கு? சின்ன வயதில் அவளே சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்றன. ஆனாலும், "அம்மா இப்ப வந்துருவாங்க பாட்டி, அவங்க பண்ணுவாங்க" என்றேன். அவள் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்...

நாலைந்து நிமிடம்தான் இருக்கும். திரும்பி வந்தபோது மூச்சில்லை. கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது.

அவசரமான அழைப்பா அது? இல்லவே இல்லை. அந்தக் கையைப் பிடித்தால் ஜெபித்துவிடுவேனோ என்று பயந்தேன். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் நேர்மை தோற்றுவிடுமே என்று பயந்தேன். ஒரு கிழவியின் கடைசிப் பயத்தைவிட அது எனக்குப் பெரிதாகப் போயிற்று!

அடக்க ஆராதனையில், கடைசி நேரத்தில் கூட இருந்தவன் என்று போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எழுந்து நின்றதும் அம்மாவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் கடைக்குப் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, இரண்டு நாளாகத் தலை குனிந்தே இருந்தாள்.

"நானும் பாட்டியும் சேர்ந்து ஜெபம் பண்ணோம். எனக்குப் பயமில்ல, கர்த்தர் வந்துட்டாருன்னு சொல்லிட்டு கண்ண மூடினாங்க" என்றேன்.

சபை அல்லேலூயா சொன்னது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மாவுக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எனக்காகவும்தான் சொன்னேன். நான் எழுந்து போனது யாருக்கும் தெரியக்கூடாதே... அவ்வளவு பேர் முன்னால் நடிக்கத் தெரிந்த எனக்கு, அவள் ஒருத்திக்காக ஒரு நிமிடம் நடிக்கத் தெரியவில்லையா?

போன மாதம் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. முந்தின நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு பயமே இல்ல சாமு. உங்க பாட்டி மாதிரி போனா போதும். கடைசியா என்ன சொன்னாங்க, இன்னொரு வாட்டி சொல்லேன்."

சொன்னேன். இந்த முறை குரல்கூட நடுங்கவில்லை.