விறகா அப்பா?

கொழும்பில் வேலை செய்கிற மகள், தீபாவளிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். நான் கீழே விழுந்தால் அது அவளுடைய போனுக்குச் சொல்லிவிடுமாம். "லயத்துல தனியா இருக்கீங்க. கழட்டவே கூடாதுப்பா" என்றாள்.

மறுவாரம் விறகு கொத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "அப்பா, விழுந்துட்டீங்களா?" என்று பதறினாள். மலையில் பிடுங்கிப்போட்ட தேயிலையின் அடிக்கட்டை லேசில் பிளக்காது. கோடாலியை ஓங்கி இறக்க வேண்டும். அந்த அதிர்வைத்தான் கடிகாரம் நான் விழுந்ததாக எடுத்துக்கொண்டது. கேஸ் அடுப்பு இருக்கும்போது விறகு எதற்கு என்று கத்தினாள். பதுளைக் குளிர் அவளுக்கு மறந்துவிட்டது. கத்தினாலும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் அவ்வளவு நேரம் பேசி நாளாகியிருந்தது.

அதன் பிறகு விறகு கொத்தும்போதெல்லாம் கூப்பிட்டாள். போகப்போக அதுவும் நின்று, மெசேஜ் மட்டும் வந்தது: "விறகா அப்பா?" நானும் ஆமா என்று அனுப்புவேன்.

நேற்று தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி. லயத்து ஆட்கள் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். கையில் கடிகாரம் அதிர்ந்தது. போனை எடுத்து வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. மெசேஜ்தான் வந்தது.

"விறகா அப்பா?"

ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, ஆமா என்று அனுப்பினேன்.