இரவல் தாம்பாளம்

எனக்கு வயது அறுபத்தொன்பது. பெற்றது எட்டு, வளர்த்தது ஒன்பது – ஒன்பதாவது என் நாத்தனார் பிள்ளை. இத்தனை வருஷத்தில் மாதா கோவிலில் பூசை நடுவே நான் சிரித்ததில்லை. போன ஞாயிறு சிரித்துவிட்டேன்.

சாமியார் பாபிலோன் ராஜாவின் விருந்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஆயிரம் பிரபுக்கள். குடிக்கப் பொன் கிண்ணம், வெள்ளிக் கிண்ணம் – எல்லாம் எருசலேம் ஆலயத்திலிருந்து அள்ளி வந்தவை. விருந்து நடக்கும்போதே ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. என்ன எழுத்து? ராஜாவுக்கும் தெரியவில்லை, பக்கத்திலிருந்த பண்டிதர்களுக்கும் தெரியவில்லை...

என்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. முன் வரிசை மொத்தமும் திரும்பியது.

"என்னம்மா இது, ராஜா சாகப்போறாரு, சிரிக்கிறீங்க" என்று என் மகள் லூர்து கிள்ளினாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்துத்தான் சிரித்தேன். கோவிலில் சொல்ல முடியுமா? இங்கே சொல்கிறேன். எப்போதும்போல் நான் சொல்ல, லூர்துவின் மகள் ரீத்தா எழுதுகிறாள்.

பதினைந்து வருஷம் இருக்கும். இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா கன்னியர் மடத்துல சேர்ந்துடுவேன்" என்று லூர்து துணிமணியை மடித்தே வைத்துவிட்டாள். மூன்றாவது இடம் துறையூர். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அம்மா எதையும் தூக்கிப் பார்த்து எடை போடுகிறவர் என்று தரகர் காதில் போட்டிருந்தார்.

எடை போட என் வீட்டில் என்ன இருந்தது? பித்தளை. அதற்காக இறங்கிப் போவதா? ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரர் சூசையோடு ஆபீசில் வேலை பார்த்த அய்யங்காரின் மனைவி ரங்கநாயகி மாமி, வெள்ளித் தாம்பாளம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பழம், வெத்தலை வச்சுக்கோங்கோ. மத்ததெல்லாம் வேண்டாம்."

மற்றது என்றால் மீனும் கறியும். புரிந்துகொண்டேன்.

பாத்திரம் வாங்கினால் நம் வீடுகளில் முதல் வேலை என்ன? பேர் வெட்டுவது. அது எனக்கும் தெரியும். ஆனால் படிக்கத் தெரியாதவளுக்கு விளிம்பில் இருப்பதெல்லாம் வெறும் புள்ளிதானே... புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். வெட்டியிருந்த பேர் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

வந்தார்கள். துறையூர் அம்மா தாம்பாளத்தைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு சாண் உயரம் கூடியது. அவர் பழத்தை எடுத்துக் கீழே வைத்தார். தாம்பாளத்தைத் தூக்கினார். கனம் பார்த்தார். விளிம்பைத் தடவினார்.

"பேரு வெட்டியிருக்காப்ல இருக்கே. தம்பி, யாரு பேருன்னு படி. எனக்கு ஏது எழுத்து?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் லூர்துவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

மாப்பிள்ளை விரல் வைத்துப் படித்தார். சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தார். மறுபடியும் தாம்பாளத்தைப் பார்த்தார். கதவிடுக்கில் தெரிந்த சேலையைப் பார்த்தார்.

"இவங்க வீட்டுப் பேருதாம்மா. சூசைன்னு போட்டிருக்கு."

"சூசைக்கு இவ்வளவு நீளமா?"

"ஊரு, இனிஷியல் எல்லாம் சேத்து வெட்டியிருக்காங்கம்மா."

அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொண்டோம்.

வேதத்தில் எந்த ராஜா பகட்டுக்கு விருந்து வைத்து நன்றாக இருந்தார், சொல்லுங்கள்? ஒருவர் நூற்றெண்பது நாள் தன் செல்வத்தையெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் பட்டத்து ராணியையும் காட்ட ஆசைப்பட்டார். அந்த அம்மாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். பாபிலோன்காரருக்கோ, சுவரில் இருந்ததை இருந்தபடி படிக்க ஒரு தீர்க்கதரிசி வந்தார். அன்றிரவே ராஜா காலி.

எனக்கு வாய்த்தவர் மாப்பிள்ளை.

இன்றுவரை அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. சம்பந்தியம்மாவுக்கு இப்போதும் எழுத்து தெரியாது. துறையூர் வாசகர்கள் யாரும் போய் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

போதும் ரீத்தா. எங்கே, எழுதினதைப் படி பார்ப்போம். உங்கப்பா படிச்ச மாதிரி வேண்டாம் – இருக்கிறதை இருக்கிறபடி படி.